ஒரு படி குறைவு

உங்கள் மேசை இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது, மேடம். தவறாக நினைக்க வேண்டாம். பேனாவை எங்கே வைத்தாலும் அது அந்தப் பக்கமே உருண்டு போகிறது. அரை டிகிரி இருக்கலாம். அந்த முன்காலுக்கு அடியில் ஒரு காகிதத்தை நான்காக மடித்து வைத்தால் சரியாகிவிடும். இருபத்தாறு வருடமாக அளவைக் கருவிகளைப் பழுதுபார்க்கிறேன். உட்கார்ந்த இடத்தில் மட்டம் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது.

நீங்கள் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன். போன வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து எங்கள் பட்டறைக்கு ஒரு கால்குலேட்டர் வந்தது. புகைபோக்கி விழுந்த வழக்கில் கைப்பற்றியது. அதில் பழுது உண்டா என்று பார்த்துச் சான்று தரச் சொல்லியிருந்தீர்கள். பார்த்தேன். பழுது இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அது உண்மைதான். ஆனால் கருவியோடு நீங்கள் இணைத்திருந்த விவரக் குறிப்பின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. ‘கருவியில் ஏற்றப்பட்டுள்ள நிரலை எழுதியவர்: கைதாகியுள்ள அளவையாளர்.’ அது பிழை. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

அந்த வரியைத் திருத்தினால் வழக்கே வேறு பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியும். அவன் உள்ளே இருப்பானா, வீட்டுக்குப் போவானா என்பதே அதில்தான் தொங்குகிறது. ஆனால் நான் அதற்காக வரவில்லை. பிழை என்றால் பிழைதான், அவ்வளவுதான்.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

நிரல் எழுதி ஏற்றக்கூடிய பழைய கால்குலேட்டர்கள் என்று ஒரு வகை உண்டு. இப்போது யாரும் அவற்றைத் தயாரிப்பதில்லை. கைப்பேசியே எல்லாம் செய்கிறது என்பார்கள். ஆனால் வெயிலிலும் தூசியிலும் நின்று வேலை செய்கிறவர்கள், கையுறையைக் கழற்றாமல் விசையை அழுத்த வேண்டியவர்கள், இன்னும் அதைத்தான் இடுப்பில் செருகி வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கான கணித நிரல்களைத் தேடிச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. பதினொரு வருடமாகச் செய்கிறேன். மூடிப்போன இணையப் பக்கங்களில் கிடக்கும், யாரோ ஸ்கேன் செய்து போட்ட பழைய பத்திரிகைகளில் பாதி வரி மங்கிப்போய் இருக்கும். ஒரு முறை, ஓய்வுபெற்ற கப்பல்காரர் ஒருவர் தன் குறிப்பேட்டைப் படம் எடுத்து அனுப்பினார். பக்கத்தின் மேல் காபிக் கறை. கறைக்கு அடியில் இருந்த நான்கு வரிகளை நானே கணக்குப் போட்டு மீட்டேன்.

ஒவ்வொன்றையும் என் கையால் ஏற்றி, விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்து, பத்து முறை ஓட்டிப் பார்த்த பிறகே என் இணையப் பக்கத்தில் போடுவேன். முந்நூற்று நாற்பது நிரல்கள். சமன்பாடு தீர்ப்பது, முக்கோணம் தீர்ப்பது, பகா எண் தேடுவது, எந்தத் தேதி என்ன கிழமை என்று சொல்வது. பக்கத்தின் தலைப்பில் ஒரே வரிதான் எழுதியிருந்தேன்: ‘இங்கே இருப்பதை நீங்கள் சோதிக்க வேண்டாம், சோதித்தாகிவிட்டது.’ உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் அந்த வரியை நம்பினார்கள். அது சும்மா வந்த நம்பிக்கை இல்லை.

கூடவே ‘சல்லடை’ என்று ஒரு சின்னக் கருவியும் செய்து பக்கத்தில் வைத்திருந்தேன். கணினியில் எழுத்தாகத் தட்டிய நிரலை அதில் போட்டால், கால்குலேட்டர் ஏற்கும் கோப்பாக மாற்றித் தரும். இந்தக் கருவிகளுக்கு நினைவகம் மிகக் குறைவு. அதனால் மேற்கோள் குறியில் தொடங்கும் குறிப்பு வரிகளைச் சல்லடை தானே தள்ளிவிடும். குறிப்பு மனிதருக்குத்தானே, கருவிக்கு எதற்கு. அதைப் பலரும் பாராட்டினார்கள்.

என் மனைவிக்கு இதில் எல்லாம் சிரிப்புதான். “இவருக்குப் பொண்டாட்டி பேரு மறந்தாலும் மறக்கும், எது எத்தனை படின்னு மறக்காது” என்று வருகிறவர்களிடம் சொல்வாள்.

படி என்றால், நிரலில் வரும் ஒவ்வொரு கட்டளையும் ஒரு படி. ஒரு நிரலை இன்னொருவர் குறைந்த படிகளில் எழுதிக் காட்டுவதுதான் எங்கள் உலகத்தில் பெரிய விளையாட்டு. நூற்று இருபது படியை நூற்றுப் பதினைந்தாக்கினால் கொண்டாடுவார்கள். நகலுக்கும் படி என்றுதான் பெயர். பத்திரத்தைப் படி எடுத்தான் என்கிறோமே. என் வழக்கு முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

நீங்கள் கைது செய்திருக்கிறவனை நான் ஒட்டடை என்றுதான் கூப்பிடுவேன். ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம், அதே ஒல்லி. முதலில் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினான். என் முக்கோண நிரலில் ஒரு பக்கம் சுழி என்று கொடுத்தால் கருவி உறைந்து நிற்கிறது என்று எழுதியிருந்தான். யாரும் சுழி நீளத்தில் முக்கோணம் வரைய மாட்டார்கள். இருந்தாலும் அவன் சொன்னது சரி. திருத்தினேன். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் கோணம் அளக்கும் தியோடலைட்டைத் தோளில் சுமந்துகொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றான். நானும் அவனும் ஒரே ஊர் என்று அன்றுதான் இருவருக்குமே தெரிந்தது.

“அண்ணே, அந்தப் பக்கம் நடத்துறது நீங்களா? நான் யாரோ தாடி வச்ச புரொபசர்னு நினைச்சேன்.”

“தாடி நேத்துதான் எடுத்தேன்.”

“புரொபசரையும் சேர்த்து எடுத்துட்டீங்களா?”

அப்படித்தான் தொடங்கியது. பழைய கட்டடங்களை இடிக்கும் ஒப்பந்தக்காரரிடம் அவன் அளவையாளர். வியாழக்கிழமை மதியம் வேலை குறைவு என்று என் பட்டறைக்கு வந்துவிடுவான். ஸ்டூலில் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் மேசைக்கு மேலே தெரியும். ஆறு வருடம். என் மனைவி அவனைத் தம்பி என்பாள். அவன் மனைவி என்னை அண்ணன் என்பாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை, மேடம். சொல்ல வேண்டியதற்காகச் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவன் கால்குலேட்டர் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தது. திரையின் மேல் ஓரம் கறுத்துப் போயிற்று. அங்கேதான் பொடிப்பொடி அடையாளங்கள் தெரியும். உதிரி கிடைக்கவில்லை. “எண்ணெல்லாம் நல்லாத் தெரியுது. மேல இருக்கிறது சும்மா அடையாளம்தான். வச்சு ஓட்டு” என்று நான்தான் சொன்னேன். அப்போது நான் சொன்னதில் எந்த உள்ளர்த்தமும் கிடையாது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் நிரல்களிலேயே பெரியது எல்லைக் கணக்கு. ஓர் இடத்தைச் சுற்றி அளந்துகொண்டே வந்து, புறப்பட்ட புள்ளியில் சரியாக வந்து சேர்ந்தோமா என்று சொல்வது. இதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் வட்டத்தை முந்நூற்று அறுபதாகப் பிரிக்கிறோம். சில பழைய வரைபடங்களில் அதை நானூறாகப் பிரித்திருப்பார்கள். அவர்களுக்குச் செங்கோணம் தொண்ணூறு இல்லை, நூறு. பழைய ஆலைகளை இடிக்கப் போகிறவனுக்கு அந்த வரைபடங்களோடுதான் பிழைப்பு. என் நிரல் முதலில் கருவியை நானூறு முறைக்கு மாற்றிக்கொள்ளும், கணக்கை முடிக்கும், கடைசிப் படியில் மறுபடி முந்நூற்று அறுபதுக்குத் திருப்பிவிடும். எந்த முறையில் இருக்கிறோம் என்று திரையின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன எழுத்து காட்டும். மொத்தம் நூற்றுப் பதினெட்டுப் படிகள். அதை எழுத எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அளவையாளர்களுக்கென்றே இருக்கும் ஒரு பெரிய இணைய மன்றத்தில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தேன். என் எல்லைக் கணக்கு அங்கே இருந்தது. நூற்றுப் பதினெட்டுப் படியும் என் வரிசையில் அப்படியே. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒட்டடை’ என்று இருந்தது. நான் வைத்த பெயரைத்தான் அவன் அங்கே புனைபெயராக வைத்திருந்தான். நாலாயிரம் பேர் அதைத் தரவிறக்கியிருந்தார்கள். என் பக்கத்துக்குப் பதினொரு வருடத்தில் வந்த மொத்தக் கூட்டம் அவ்வளவு இருக்காது. கீழே ஒருவர் ‘அற்புதம், நீங்கள் ஒரு மேதை’ என்று எழுதியிருந்தார். அதற்கு அவன், ‘நன்றி, நண்பரே’ என்று எழுதியிருந்தான்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். உள்ளேயும் என் பெயர் எங்கும் இல்லை.

அன்று நான் சாப்பிட்டேன், குளித்தேன், மனைவியோடு கடைக்குப் போய்வந்தேன். எதிலும் குறை வைக்கவில்லை. கடையில் அவள் இரண்டு தட்டுகளைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்றேன். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை என்றாள்.

அடுத்த வியாழன் அவன் வந்தான். சொல்லட்டும் என்று காத்திருந்தேன். மாமனாருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்ததைச் சொன்னான். மேஸ்திரி ஏணியோடு விழுந்ததை நடித்துக் காட்டினான். நான் சிரித்தேன். போகும்போது, “அப்புறம் அண்ணே, நம்ம எல்லைக் கணக்கு இப்ப எங்கெங்கேயோ போயிட்டிருக்கு, தெரியுமா?” என்றான். நம்ம. அந்தச் சொல்லை நான் ரொம்ப நாள் உருட்டிக்கொண்டிருந்தேன். திருடிய வீட்டில் திருடன் உட்கார்ந்து, நம்ம வீடு என்பது மாதிரி இருந்தது.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டு வாங்கும் பெயர் பெயரா, மேடம்?

அதற்கு இரண்டு வாரம் கழித்து என் பக்கத்தில் நான்காம் பதிப்பை வெளியிட்டேன். எல்லைக் கணக்கு, நூற்றுப் பதினேழு படி. ஒரு படி குறைவு.

நீங்கள் நினைப்பது சரி. கடைசிப் படியை எடுத்துவிட்டேன். கருவியை முந்நூற்று அறுபதுக்குத் திருப்பும் படி. அதை மட்டும் எடுத்தால் பழகியவன் கண்ணுக்கு உடனே தட்டுப்படும் என்பதால், நடுவில் மூன்று இடங்களில் வரிசையையும் மாற்றி அமைத்தேன். நிரல் தரும் விடையில் மாற்றம் கிடையாது. ஆயிரம் முறை ஓட்டினாலும் ஆயிரம் முறையும் சரியான விடை வரும். நிரல் முடிந்த பிறகு கருவி நானூறு முறையிலேயே நின்றுவிடும், அவ்வளவுதான். அடுத்து கையால் எந்தக் கோணக் கணக்குப் போட்டாலும் விடை சற்றே பிசகும். முட்டாள்தனமாகத் தெரிகிற அளவுக்குப் பிசகாது. நம்பும்படியாகப் பிசகும்.

மற்றவர்களைப் பற்றி யோசிக்காமல் செய்தேன் என்று எழுதிவிட வேண்டாம். யோசித்தேன். மற்றவர்களுக்குத் திரையின் மேல் ஓரத்தில் அந்தச் சின்ன எழுத்து தெரியும். பார்த்து மாற்றிக்கொள்வார்கள். அந்த எழுத்து தெரியாத கருவி எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

நிறையப் பாராட்டு வந்தது. ‘இதற்கு மேல் ஒரு படி குறைக்க முடியாது என்றிருந்தேன், வணங்குகிறேன்’ என்று அந்தக் கப்பல்காரர் எழுதினார். ஒட்டடை அந்த வியாழனே வந்து, என் ஸ்டூலில் உட்கார்ந்து, பழையதை அழித்துவிட்டுப் புதியதைத் தட்டி ஏற்றினான்.

“அந்த ஒரு படியை எங்கண்ணே ஒளிச்சு வச்சீங்க?”

“கண்டுபிடி.”

“கண்டுபிடிக்கிறேன், இருங்க. கண்டுபிடிச்சா என்ன தருவீங்க?”

“முதல்ல கண்டுபிடி.”

அவன் தேடியிருந்தால் அரை மணியில் தெரிந்திருக்கும். தேடவில்லை. நான் போட்டதைச் சோதிக்கும் வழக்கம் யாருக்கும் இல்லை.

அவனுக்கு என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தேன் என்றால், ஓர் அவமானம். எங்காவது ஒரு சுவரை இரண்டு அடி தள்ளி அளந்து, ஒப்பந்தக்காரர் நாலு பேர் முன்னால் திட்ட வேண்டும். நாலாயிரம் பேருக்கு மேதையாக இருப்பவன் ஒரு சுவரை அளக்கத் தெரியாதவன் என்று ஆக வேண்டும். இவ்வளவுதான் என் திட்டம். இதைவிடச் சின்னத் திட்டம் யாரும் போட்டிருக்க முடியாது.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நானூறு முறை வரைபடம் அவன் கைக்கு வரவில்லை. இதற்கிடையில் ஒரு பயிற்சி நிலையத்தில் அவனைப் பேசக் கூப்பிட்டார்கள். நோட்டீசில் அவன் படம். “அண்ணே, நீங்க முன்வரிசையில உக்காரணும். இல்லாட்டி எனக்கு நாக்கு ஒட்டிக்கும்” என்றான். கழுத்து வலி என்று சொல்லிவிட்டேன். அன்று மாலை கூப்பிட்டு, “உங்க பேரைச் சொன்னதும் கை தட்டினாங்கண்ணே” என்றான். அறைக்குள் வாயால் சொல்கிற பெயர் மின்விசிறியை அணைப்பதற்குள் போய்விடும். கோப்பில் இருப்பதுதான் நிற்கும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனிச் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நாட்கள் முக்கியம்.

செவ்வாய்க்கிழமை அவன் வந்தான். பழைய ஆலை ஒன்றை இடிக்கிறார்கள், வெள்ளிக்கிழமை புகைபோக்கியைச் சாய்க்கிறார்கள், வரைபடம் நானூறு முறையில் இருக்கிறது, நல்லவேளை நம்ம நிரல் இருக்கிறது என்றான். மறுபடி நம்ம. அன்று எனக்கு வாய் நிற்கவில்லை.

“நம்ம நிரல்னா பேரு யாரோடது?”

“உங்களோடதுதான். வேற யாரோடது?”

“மன்றத்துல போட்டியே, அதுல?”

“முதல் வரியிலேயே போட்டிருக்கேனேண்ணே. பாருங்க.”

கைப்பேசியை எடுத்து, தான் தட்டி வைத்திருந்த எழுத்துக் கோப்பைக் காட்டினான். முதல் வரி, மேற்கோள் குறியில் தொடங்கியது. ‘எழுதியவர் என் அண்ணன், கருவி மருத்துவர். நான் வெறும் தபால்காரன்.’ அதற்குக் கீழே என் முழுப் பெயர், என் பக்கத்தின் முகவரி.

“மன்றத்துல கோப்பாத்தான் வாங்குவாங்க. அதான் உங்க சல்லடையில போட்டு மாத்தி ஏத்தினேன். ஏன்ணே, வரலையா?”

வந்திருக்கும், பார்க்கிறேன் என்றேன். அவன் போன பிறகு அந்தக் கோப்பைச் சல்லடையில் போட்டுப் பார்த்தேன். மேற்கோள் குறியில் தொடங்கும் வரிகளைச் சல்லடை தள்ளிவிட்டது. நான் எழுதியபடி, ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது.

ஆக, செவ்வாய் மாலை ஐந்து மணிக்கே எனக்குத் தெரியும். அவன் எனக்குத் துரோகம் செய்யவில்லை. என் பெயரை அழித்தது என் சல்லடை. ஆனால் ஒன்று சொல்கிறேன், மேடம். இரண்டு மாதத்துக்கு மேல் நான் ஏமாற்றப்பட்டவனாக வாழ்ந்திருக்கிறேன். அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், மனைவியிடம் மூச்சு விடவில்லை, தினமும் அந்த மன்றத்தைத் திறந்து எண்ணிக்கை பார்த்திருக்கிறேன். ஒரு வரியைக் காட்டி அத்தனை நாளையும் ஒருவன் திருப்பித் தந்துவிட முடியாது. ஏமாற்றப்படவில்லை என்று தெரிந்தபோது, இன்னொரு முறை ஏமாந்ததுபோலத்தான் இருந்தது. கோபத்துக்கும் உரிமை இல்லை என்று ஆகிவிட்டதே.

புதன்கிழமை ஐந்தாம் பதிப்பை வெளியிட்டேன். கடைசிப் படியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். நூற்றுப் பதினெட்டு. குறிப்பில் ‘சிறு திருத்தம்’ என்று போட்டேன். அவன் தினமும் காலையில் என் பக்கத்தைப் பார்க்கிறவன். அந்த மூன்று நாளும் ஆலையில் இருந்ததால் பார்க்கவில்லை என்பது தற்செயல். அவனுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டிருப்பான். கேட்காமல்கூட இருந்திருப்பான். அது இன்னும் மோசம்.

வியாழன் மதியம் அவனே கூப்பிட்டான். காற்றின் இரைச்சலில் கத்திப் பேசினான்.

“அண்ணே, எல்லைக் கணக்கு அழகா வந்துருச்சு. அப்புறம் புகைபோக்கி உயரம் போட்டேன். முப்பது மீட்டர் தள்ளி நின்னு பார்க்கிறேன், கோணம் அம்பத்திரண்டு. கருவி உயரம் ஒண்ணரையும் சேர்த்து முப்பத்து மூணு புள்ளி நாலு வருது. எனக்கென்னமோ பார்க்க இன்னும் ஒசரமாத் தெரியுது. என் கண்ணு ஒட்டடைக் கண்ணா இருக்குமோ?”

“ரெண்டு தடவை போட்டியா?”

“மூணு தடவை போட்டேன். அதேதான். அது விழுற பக்கம் முப்பத்தெட்டாவது மீட்டர்ல எடைமேடை ரூம் இருக்கு. அதுல இருக்கிற அக்காவ நாளைக்கு வெளிய வரச் சொல்லலாமான்னு பார்க்கிறேன். லாரி வரிசையா நிக்குது, நான் எங்கயும் வர முடியாதுன்னு சண்டைக்கு நிக்கறாங்க. முப்பத்து மூணுன்னா ரூமுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

இந்தக் கணக்கை நான் மனதிலேயே போடுவேன். ஐம்பத்திரண்டு டிகிரி, முப்பது மீட்டர் என்றால் முப்பத்தெட்டரைக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரையைச் சேர்த்தால் நாற்பதுக்குப் பத்து சென்டிமீட்டர் குறைவு. அவன் பேசி முடிப்பதற்குள் விடை எனக்கு வந்துவிட்டது. ஆறரை மீட்டர் வித்தியாசம். பட்டறையில் வேறு யாரும் இல்லை. கையில் ஒரு லென்ஸ் இருந்தது, துடைத்துக்கொண்டிருந்தேன்.

“மெஷின் பொய் சொல்லாது” என்றேன்.

“அது போதும்ணே” என்று வைத்துவிட்டான்.

அந்த அம்மாளை அறையிலேயே இருக்கச் சொல் என்று நான் சொல்லவில்லை. அறைக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொல்லவில்லை. நான் சொன்னது மூன்றே சொற்கள். அவை மூன்றும் உண்மை. அவனுடைய கருவி பொய் சொல்லவில்லை. நானூறு முறையில் அதுதான் சரியான விடை. நீங்கள் அனுப்பியபோதும் அது நானூறு முறையில்தான் நின்றுகொண்டிருந்தது. அணைத்து வைத்தாலும் மாறாது. நான் அதை மாற்றாமல்தான் திருப்பி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை பத்தே காலுக்கு விழுந்தது. நேர்கோட்டில், அவன் குறித்த திசையில், ஒரு விரல்கடை விலகாமல் விழுந்ததாகச் செய்தித்தாளில் படித்தேன். திசை எல்லைக் கணக்கிலிருந்து வந்தது. என் நிரலின் விடை. உயரம்தான் அவன் கையால் போட்டது. இறந்துபோன எடைமேடை எழுத்தருக்கு முப்பத்தொன்பது வயது என்று போட்டிருந்தார்கள். மேசை மேல் எடைச் சீட்டுகள் பறக்காமல் இருக்க ஒரு கல்லை வைத்திருந்தாராம். சீட்டெல்லாம் அப்படியே இருந்தனவாம். அந்த வரியை எழுதிய நிருபரைப் பாராட்ட வேண்டும்.

ஒட்டடையின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். “அண்ணே, மூணு தடவை போட்டேன், மூணு தடவை போட்டேன்னே பொலம்புறாரு. நீங்களாச்சும் வந்து கணக்குல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா” என்று அழுதாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். முப்பது வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் உள்ளே போய் என் இணையப் பக்கத்தில் ஏதாவது கடிதம் வந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

இவ்வளவுதான். நான்காம் பதிப்பில் கடைசிப் படியை எடுத்தது நான், தெரிந்தே. கூப்பிட்டுக் கேட்டபோது சரியான விடையை வைத்துக்கொண்டு சொல்லாமல் விட்டதும் நான், தெரிந்தே. அந்த அம்மாள் அறைக்குள் இருக்கப் போகிறார் என்பதும் தெரியும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் முதலில் இரண்டாம் பக்கத்தைத் திருத்துங்கள். ‘எழுதியவர்’ என்ற இடத்தில் என் பெயர் வர வேண்டும்.

இது என்ன தாள்?

அவன் கையெழுத்துதான். லாக்கப்பில் உட்கார்ந்து எழுதினானா? ஆமாம், நான்காம் பதிப்பு. ஒன்றிலிருந்து நூற்றுப் பதினேழு வரை, எல்லாம் மனப்பாடம். வரிசை மாற்றிய மூன்று இடமும் சரியாக இருக்கிறது. நூற்றுப் பதினெட்டு என்று எண் போட்டு, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் வட்டம் போட்டிருக்கிறான்.

கண்டுபிடித்துவிட்டான்.

எப்போது கொடுத்தான்? திங்கட்கிழமையா? அதற்குப் பிறகும் நீங்கள் கேட்டீர்களா? ஆறு முறையா?

ஆறு முறையும், எழுதியது நான்தான், வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை என்றா சொன்னான்?

பார்த்தீர்களா, மேடம். எல்லாம் தெரிந்த பிறகும், இங்கேயும் அவன் என் பெயரை விட்டுவிட்டான்.